கருத்து முந்தியதா, காமிக்ஸ் முந்தியதா? கோர்படியை முன்வைத்து ஓர் ஆய்வு

பானை ஓட்டில் இருக்கும் ஒரு கீறலுக்கு மூன்று நாள் கருத்தரங்கு நடத்தும் தமிழுலகம், காமிக்ஸ் நாயகன் ஸ்பைடர் நல்லவனா கெட்டவனா என்ற கேள்விக்கு ஒரு மாலைக் கூட்டம்கூடப் போட்டதில்லை. புதிதாக வந்த சூப்பர் ஹீரோ இதழைப் பற்றி வாசகர் கொள்ளும் அபிப்பிராயம் எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்பதும் ஆராயப்படாமலே கிடக்கிறது. இக்கட்டுரை அந்தக் குறையை ஓரளவு போக்கும். முழுக்கப் போக்க நிதி போதாது.

ஆய்வுக் களம் கோர்படி. புணே கண்டோன்மென்ட்டை ஒட்டிய பகுதி. டீசல் லோகோ ஷெட், எப்போதும் மூடியிருப்பதுபோலத் தோன்றும் ரயில் கேட், ரயில்வேயையும் ராணுவத்தையும் நம்பி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். களத்தேர்வுக்குக் காரணம் தூரம். லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் அச்சாவது சிவகாசியில். சந்தா கட்டியவருக்குக் கூரியரில் வரும். திருப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அது முதலில் கிடைக்கிறது. அன்று இரவே அவர் போன் போடுகிறார். "அண்ணே, அட்டை சூப்பர், கதை சப்பை." கோர்படிக்காரரின் பிரதி அந்நேரம் ஏதோ ஒரு கிடங்கில் மூட்டைக்குள் இருக்கிறது. ஆக இங்கே கருத்து முதலில் வந்து சேர்கிறது, காமிக்ஸ் பின்னால் வருகிறது. மூலம் தொலைந்து உரைமேற்கோளில் மட்டும் உயிரோடிருக்கும் பழந்தமிழ் நூல்களை நினைத்துக்கொண்டால் இந்த நிலைமை புதிதல்ல என்பது விளங்கும்.

வரலாற்றை விரைந்து கடப்போம். 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் லண்டனின் 'வேலியன்ட்' வார இதழில் கென் பல்மர் எழுத, ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர் அது. 1984-இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. அதன் வழியே ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் வீட்டுக்குள் நுழைந்தார்கள். தமிழனின் சூப்பர் ஹீரோ நியூயார்க்கிலிருந்து வரவில்லை, லண்டன் வழியாக வந்தார். கோர்படியின் இளைய தலைமுறைக்கு இது புரிவதில்லை. மார்வெல் படம் பார்த்து வளர்ந்த பேரன், கூர்க்காதும் குரூரச் சிரிப்பும் கொண்ட ஸ்பைடரைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது வில்லன் இல்லையா?" என்கிறான். ஆரம்பத்தில் வில்லன்தான். உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக ஆசைப்பட்டு, பிற்பாடு மனம் மாறியவர். 1965-இல் டெட் கோவன் தொடங்கிய அந்தத் தொடரைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். இந்தத் தகவலைத் தாத்தா சொன்னதும் பேரன் கொஞ்சம் மரியாதை கொடுத்தான். ஸ்பைடருக்கு, தாத்தாவுக்கு அல்ல.

இனிக் கருத்துகளின் வகைப்பாடு. மேலைநாட்டுக் கோட்பாடுகள் எவையும் இங்கே பொருந்தவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் வகுத்துவைத்த பத்துக் குற்றங்களே கச்சிதமாகப் பொருந்துகின்றன. மறுபதிப்பு வந்தால் 'கூறியது கூறல்'. இதே மாயாவி கதைக்கு எத்தனை முறை காசு கொடுப்பது என்று கேட்பவர்தான் முதல் ஆளாக வாங்குகிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாதிக் கதை வேறொரு இதழில் 'தொடரும்' என்றால் 'குன்றக் கூறல்'. நாற்பது பக்கம் நாயகன் பறந்து பறந்து அடித்துவிட்டுக் கடைசி இரண்டு பக்கத்தில் வில்லன் தானாகக் கால் இடறி விழுந்தால் 'சென்று தேய்ந்து இறுதல்'. பெரும்பான்மைப் புகார்கள் இந்த இனத்தவை. மொழிபெயர்ப்பைத் திட்டுவது 'வழூஉச்சொல் புணர்த்தல்'. இதில் கோர்படி கறாராக இருக்கிறது. "மஸ்த் ஆர்ட், லேகின் தமிழ் கொஞ்சம் ஓவர்" என்று தீர்ப்பு வழங்கிய தம்பி, அந்தத் தீர்ப்பை எந்த மொழியில் வழங்கினார் என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

பவணந்தியாருக்கு எட்டாத ஒரு குற்றமும் உண்டு: களப் பொருத்தமின்மை. லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவரின் கண்டுபிடிப்பு இது. மாயாவி மறைய வேண்டுமானால் உடம்பில் மின்சாரம் பாய வேண்டும். இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். "சரி மாப்ளே, புணேயில வியாழக்கிழமை இவன் என்ன பண்ணுவான்?" என்றார் மாமா. பராமரிப்பு வேலை என்று மின்வாரியம் வியாழன்தோறும் ஏதாவது ஒரு பகுதியில் கரண்டை நிறுத்துவது இங்கே உலகறிந்த நடைமுறை. குற்றவாளிகள் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களாக இருந்தால் மாயாவி தொலைந்தார். அப்போது அங்கிருந்த மராத்திப் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? பா. ரா. பாகவத் படைத்த ஃபாஸ்டர் ஃபேணேவை முன்வைத்தார். இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் ஃபுர்சுங்கிப் பையன். கரண்டும் வேண்டாம், இரும்புக் கையும் வேண்டாம். ஒரு சைக்கிள் போதும். அது காமிக்ஸே அல்ல, சிறுவர் நாவல் வரிசை என்ற தொழில்நுட்ப ஆட்சேபத்தை மாமா எழுப்பினார். தேநீர் அவர் வீட்டுடையது என்பதால் அது ஏற்கப்பட்டது. ஆய்வாளரின் சொந்த மதிப்பீட்டில் ஃபேணே இரண்டு புள்ளி முன்னிலை.

கருத்து முதிரும் முறையையும் சொல்லியாக வேண்டும். பார்சல் வந்ததும் கோர்படிக்காரர் முதலில் கதையைத் தொடுவதில்லை. மூலை மடங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார், நடுவில் பிரித்து மோந்து பார்க்கிறார், பின்பு ஆசிரியரின் 'ஹாட்லைன்' பக்கத்தைப் படித்து அடுத்து என்னென்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்கிறார். இந்த இதழின் கதையைத் தொடுவதற்குள் அடுத்த இதழைப் பற்றிய கவலை பிறந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் கதை, அதுவும் திருப்பூர்க் கருத்து சரிதானா என்று ஒத்துப்பார்க்கும் தணிக்கை அதிகாரியின் மனநிலையில். கதை நன்றாக இருந்துவிட்டால் சங்கடம். சித்தப்பா மகனை மறுத்துப் பேச வேண்டும். பேசினால் அவர் இன்னொரு முறை படிக்கச் சொல்வார். ஆகவே பெரும்பாலோர், "நீ சொன்ன மாதிரிதான்பா, ஆனா அவ்வளவு மோசமில்ல" என்ற இடத்தில் நிலைகொள்கிறார்கள். இதை இவ்வாய்வு 'கோர்படிச் சமநிலை' என்று பெயரிட்டுப் பதிவு செய்கிறது.

இக்கட்டுரை எழுதி முடிக்கும் வேளையில் அடுத்த மாத இதழ் பற்றிய தரவும் கிடைத்துவிட்டது. அட்டை பரவாயில்லை, எழுத்து பொடி, முடிவு சொதப்பல், வில்லன் மட்டும் அருமை. இதழ் இன்னும் சிவகாசியில் அச்சேறவில்லை.