வேலை போன பாட்டு

வா தம்பி, இந்த வாடி நிழலில இரு. கிற்றாரைப் பாயில வை, மண் ஏறினால் பிறகு என்னைப் பேசுவாய்.

உன்ர புதுப் பாட்டைப் பேத்தி போனில போட்டுக் காட்டினவள். திடீரெண்டு நெஞ்சு அதிர்ந்தது. பிரஷர்க் குளிசை போட மறந்திட்டனோ எண்டு பயந்திட்டன். “அது பேஸ், அப்பப்பா” எண்டாள். சரி, வலை இழுக்கேக்க பாடுற எங்கட அம்பாப் பாட்டுக்கு அதுவும் வந்திட்டுது. அம்பா போட்ட என்ர ஐயா இருந்திருந்தால், எழும்பி ஆடியிருப்பார். இல்லையெண்டால் உன்னைக் கரை முழுக்கக் கலைச்சிருப்பார். இரண்டுக்கும் அவருக்குத் தென்பு இருந்தது.

பாரம்பரியத்தைக் கெடுக்கிறாய் எண்டு உன்னைச் சிலர் பேசுகினமாம். பேசட்டும். அவையில அரைவாசிப் பேரின்ர கை கரைவலைக் கயிறு பிடிச்ச கையில்லை. எங்கட கிழவர்மார் மட்டும் என்ன, சும்மா இருந்தவையோ? மன்னார் நாடகத்தில ஆடின ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ ஆரடா? ஐரோப்பாவில இருந்த சக்கரவர்த்தி. அவனைப் பிடிச்சு எங்கட மத்தளத்துக்கு ஆடவிட்டவை. அந்த நாடகத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1964இல் புத்தகமாப் பதிப்பிச்சார். அதே மனுசன்தான் மட்டக்களப்பில விடிய விடிய ஆடின கூத்தைச் சுருக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ எண்டு பேராதனைப் பொடியளைக் கொண்டு மேடையேற்றினவர். இண்டைக்கு அதுவே பாரம்பரியம். கொஞ்சம் பொறுத்திரு, உன்ர பேஸும் பாரம்பரியமாயிடும். அதைக் கெடுக்க வேற ஒருத்தன் வருவான், அவனை நீ பேசுவாய்.

வெள்ளைக்காரனுக்கும் இந்தக் கரைச்சல் இருந்ததாம். லண்டனில இருக்கிற பெறாமகன் சொன்ன கதை. 1903இல் சோமர்செட்டில ஜோன் இங்கிலண்ட் எண்ட தோட்டக்காரர் புல்லு வெட்டிக்கொண்டு ஒரு பழம் பாட்டுப் பாடினார். செசில் ஷார்ப் எண்ட சங்கீத வாத்தியார் அதைக் கேட்டு எழுதி, அண்டைக்கு இரவே பியானோவோட சபையில பாடுவிச்சார். இந்தப் பாட்டு இப்பதான் விருந்துக்குப் போற உடுப்புப் போட்டிருக்கு எண்டு சபையில ஒருத்தர் மெச்சினாராம். தோட்டக்காரருக்குப் பெருமைதான், ஆனால் அந்த உடுப்பில கொஞ்சம் சந்தேகம். பிறகு 1969இல் ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் எண்ட குழு ‘லீஜ் அண்ட் லீஃப்’ எண்ட இசைத்தட்டில பழங்கதைப் பாட்டுகளுக்கு எலக்ட்ரிக் கிற்றார் பூட்டினது. இப்ப அதுவும் பழசு.

அதால உடுப்பைப் பற்றி நான் கதைக்கேல்லை, தம்பி. நான் கேக்கிறது வேலையைப் பற்றி. அம்பா எண்டது ஒரு கூலியாள். ஒருத்தர் எடுத்துக் குடுக்க, மற்ற எல்லாரும் ஏலேலோ போட்டு ஒரே மூச்சில இழுக்கோணும். அதுக்குத்தான் அந்தப் பாட்டு. வலையின்ர மடி கரைக்குக் கிட்ட வர வரப் பாட்டும் ஓடும். அந்தோனியாரையும் கூப்பிடுவம், வலைச் சொந்தக்காரச் சம்மாட்டியையும் நெளிவாப் பேசுவம். இப்ப உழவு மெஷினில வின்ச் பூட்டி இழுக்கிறாங்கள். வின்ச்சுக்கு டீசல் காணும், அம்பா வேண்டாம். ஆரும் கெடுக்காமலே பாட்டுக்கு வேலை போயிட்டுது. நீ வேலை குடுக்கிறாய், நல்லது. ஆனால் வேலைக்கு எடுக்க முதல், ஆள் முந்தி என்ன வேலை செய்தது எண்டு விசாரிக்கிறேல்லையே? ஒருநாள் விடியவெள்ளன வந்து கயிறு பிடி. எந்த இடத்தில மூச்சு விடுறது எண்டு தோள் சொல்லும். உன்ர கொம்பியூட்டருக்கு அது தெரியாது.

கூலியும் குடுக்கோணும். 2021இல் அறிவும் தீயும் பாடின ‘என்ஜாய் எஞ்சாமி’யை உலகமே கேட்டது. ஒப்பாரியும் ராப்பும் கலந்த பாட்டு. எங்கட மலையகத் தேயிலைத் தோட்டத்தில வேலை செய்த அறிவின்ர பாட்டி வழிக் கதை அதுக்குள்ள இருக்கு. அந்த வருசமே ஒரு சஞ்சிகை அட்டையில அறிவின்ர முகத்தைக் காணேல்லை எண்டு பெரிய பிரச்சினை எழும்பினது. உலகப் புகழ் எண்டாலும் பங்குச் சண்டை எங்கட கரையில நடக்கிற அதே சண்டைதான்.

வீடியோவை அல்லிராணி கோட்டையில எடுத்திருக்கிறாய். வடிவான இடம், கடல் அரிச்சுக்கொண்டு போகுது, அதுக்குள்ள எடுத்தது கெட்டித்தனம். ஆனால் அது ராணி இருந்த இடமில்லை. முத்துக் குளிப்பைப் பாக்க ஆளுநர் நோர்த் 1804 அளவில கட்டி முடிச்ச மாளிகை. மேல நிண்டு பார்த்தவர் அவர், கீழ மூச்சடக்கி மூழ்கினது வேற ஆக்கள். நீ மேல நிண்டு கறுப்புக் கண்ணாடியோட பாடுறாய். பாட்டு கீழ இருந்தவையின்ர இனம். அடுத்த வீடியோவுக்கு இறங்கி வா, ஏணி வேணுமெண்டால் நான் பிடிக்கிறன்.

ஞாயிறு பூசை முடிய உன்ர ஸ்பீக்கரைக் கரைக்குக் கொண்டு வா. கிழவர் பத்துப் பேரைச் சேர்த்து, வின்ச்சை நிப்பாட்டிப்போட்டு, உன்ர பாட்டுக்கு வலை இழுத்துப் பாப்பம். எங்கட கால் பின்னாமல் மடி கரை ஏறினால் பாட்டு பாஸ். கயிறை விட்டிட்டு எல்லாரும் போனில படம் பிடிச்சால், அது வேற சாமான், கலியாண வீட்டுக்கு வைச்சுக்கொள்.

பாஸானால் பேரைப் போடு. உனக்கு அம்பா சொல்லித் தந்த ஆச்சியின்ர பேர் முதல்ல, உன்ர பேர் பிறகு. கரைவலையில பங்கு பிரிக்காமல் ஆரும் வீட்டை போறேல்லை, யூடியூப் காசுக்கும் அதே சட்டம்தான். எனக்குப் பங்கு வேண்டாம், கறிக்கு மீன் போட்டால் காணும். பாரை எண்டால் நல்லது. அது கிடைச்சால், உன்ர பேஸைப் பற்றி ஊரில நானே நல்லாக் கதைப்பன்.