தாளாளர் ஐயா, கூடைப்பந்தையும் பாடமாக்கிடுங்க

கோயமுத்தூரில் பெரிய மெட்ரிக் மேல்நிலைப்பள்ளி நடத்தும் தாளாளர் ஐயா அவர்களுக்கு,

பிளஸ் டூ படிக்கிற புள்ளையோட அப்பன் எழுதறேன்.

கேட்டுல தொங்கற ஃப்ளெக்ஸ் பார்த்தேனுங்க. வருவாய் மாவட்டக் கூடைப்பந்துல முதலிடம்னு, என் மகளோட டீம் கோப்பையைப் புடிச்சுட்டு நிக்குது. கோப்பையைவிடப் பெருசா உங்க படம், நல்ல லட்சணமுங்க. அடியில ‘அட்மிஷன் நடைபெறுகிறது’. அன்னைக்கு சாயந்தரமே கிளாஸ் மிஸ் போன் பண்றாங்க: “மாநிலப் போட்டிக்குப் போக ஆன் டியூட்டி கிடையாதுங்க சார், ரிவிஷன் டெஸ்ட் இருக்குது.”

உங்க சங்கடம் புரியுதுங்க. குறுவட்டத்துல ஜெயிச்சா வருவாய் மாவட்டம், அங்கயும் ஜெயிச்சா மாநிலம்னு இந்தப் புள்ளைக போயிட்டே இருந்தா எந்தப் பள்ளிக்கூடம் தாங்கும்? அரசாங்கத்துக்கும் தேதி பார்க்கத் தெரியறதில்லை. 2024 ஜனவரியில கேலோ இந்தியா இளையோர் போட்டியை நம்ம கோவை உட்பட நாலு ஊர்ல நடத்தி, தமிழ்நாடு 98 பதக்கத்தோட ரெண்டாமிடம் வந்துச்சு. அதுல ஆடுன பிளஸ் டூ புள்ளைகளுக்கு அடுத்த மாசமே பிராக்டிகல். என்ன பொறுப்பில்லாத வேலைங்க!

பி.டி. பீரியடைக் கணக்கு, சயின்ஸ் டீச்சருங்க கடன் வாங்காதீங்கன்னு உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரா மேடையிலயே கேட்டுக்கிட்டார். நீங்க அதை மதிச்சீங்க. கடன் வாங்கறதை நிறுத்திட்டு, டைம்டேபிள்லயே கிரயம் பண்ணிக்கிட்டீங்க. கடன்னா என்னைக்காவது திருப்பித் தரணுமில்லைங்களா?

பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வெச்சு, 2018 மார்ச்சுல உங்களை அழ வெச்சவர் அப்போ கல்வி அமைச்சரா இருந்த நம்ம கோபிக்காரர் செங்கோட்டையன். பிளஸ் ஒன் புத்தகத்தைக்கூட நடத்த வேண்டி வந்துச்சே, பாவம். 2025-26லிருந்து அந்தத் தொல்லையும் போயிருச்சு. இனி பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளே பிளஸ் டூ பாடம் ஆரம்பிக்கலாம்.

விளையாடி என்னங்க கிடைக்கும்னு பெற்றோர் கூட்டத்துல கேட்டீங்க. பொறியியல் கவுன்சலிங்ல 500 சீட்டு, அரசு வேலையில 3 சதவீதம்னு சொல்றாங்க. சர்டிஃபிகேட் வாங்கறதுக்கு நிஜமாவே விளையாடணுமாம். அதுல இருக்கற ஒரே குறை அதுதானுங்க.

எனக்கு ஒரு யோசனை. கூடைப்பந்தைப் பொதுத்தேர்வுப் பாடமாக்கச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்க. காலையில ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயந்தரம் ஸ்லிப் டெஸ்ட். வளையத்தின் உயரம் பத்தடி: புக் பேக் ஒரு மார்க். ஃப்ரீ த்ரோவைப் படத்துடன் விளக்குக: அஞ்சு மார்க். ‘மூணாவது பாடத்துல இருந்து வராது, விட்டுடு’ன்னு டியூஷன்ல சொல்லுவாங்க. அம்பது பேர் சென்டம் எடுப்பாங்க, ஒருத்தர் கைக்கும் பந்து பட்டிருக்காது. கிரவுண்டுல நீங்க கட்டற புது பிளாக்குக்கும் இடைஞ்சல் வராது.

அது நடக்கற வரைக்கும் சின்ன வேண்டுகோளுங்க. வருசாவருசம் ரசீதுல ‘ஸ்போர்ட்ஸ் ஃபீஸ்’னு போடறீங்க. அதை ‘விளையாடாம பார்த்துக்கிட்டதுக்கான ஃபீஸ்’னு மாத்திப் போட்டீங்கன்னா, வஞ்சகமில்லாம கட்டிடறேன்.

இப்படிக்கு,
டெர்ம் ஃபீஸ் பாக்கியில்லாத ஒரு அப்பன்