கட்டில் வரைந்தவர்

ராக் இசைக்காரர்கள் சுயசரிதை எழுதுவார்கள் என்று 1982-ல் யாராவது சொல்லியிருந்தால் எங்கள் ஹாஸ்டல் முழுக்கச் சிரித்திருக்கும். சுயசரிதை எழுத வயதாக வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்கு வயதாகும் என்று அப்போது யாரும் நம்பவில்லை. அடுத்து சாகப்போகும் ராக் நட்சத்திரம் யார் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பட்டியல் போட்டால், முதலிடம் அவருக்குத்தான் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

கேள்விப்படுவதுதான் அன்றைக்கு எங்கள் இசையறிவு. மூர் மார்க்கெட்டில் அட்டையில்லாத ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தால், எழுத்து அழியும்வரை அறை அறையாகச் சுற்றும். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலும் வெற்று கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரம் கழித்துப் பதிந்து தருவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும். ரோலிங் ஸ்டோன்ஸின் பல பாடல்கள் எப்படி முடிகின்றன என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். பாடுகிறவர் மிக் ஜாகர் என்று குரலை வைத்துச் சொல்லிவிடலாம். டிரம்ஸ் அடிப்பவர் பெயர் தெரிய ஆல்பத்தின் அட்டை வேண்டும். அது எங்களிடம் ஏது?

அப்படி இருந்தும் ஒரு மழை நாளில், மெஸ் திறக்கக் காத்திருந்த நேரத்தில், ஓட்டெடுப்பு நடத்தினோம். ஸ்டோன்ஸ் ஐவரில் யார் தன் கதையை எழுதினால் காசு கொடுத்து வாங்குவோம்? ஜாகர் அமோக வெற்றி. கீத்துக்குக் கணிசம். பேஸ் கிட்டார் பழகிக்கொண்டிருந்த ஒரு மாணவர் பில் வைமனுக்குப் போட்டார். ரானி வுட்டுக்கும் சார்லி வாட்ஸுக்கும் டெபாசிட் போயிற்று.

நாங்கள் படிக்க விரும்பியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. 1967 பிப்ரவரியில் கீத்தின் ரெட்லண்ட்ஸ் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்ததே, அந்த ராத்திரி. போதைப்பொருள் வழக்கில் ஜாகருக்கு மூன்று மாதம், கீத்துக்கு ஒரு வருடம் என்று தீர்ப்பானது. 'தி டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியரே தண்டனை அதிகம் என்று தலையங்கம் எழுதினார். மேல்முறையீட்டில் இருவரும் தப்பினார்கள். வழக்கின் சட்ட நுணுக்கத்தில் எங்களுக்கு அக்கறை கிடையாது. அறையில் யார் யார் இருந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், அல்லது உடுத்தவில்லை என்பதுதான் விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், 1980-களின் தொடக்கத்தில் ஜாகர் நிஜமாகவே எழுத ஒப்புக்கொண்டிருந்தார். லண்டனின் வைடன்ஃபெல்ட் அண்ட் நிகல்சன் பதிப்பகம் முன்பணம் கொடுத்தது. பத்து லட்சம் பவுண்டு என்று பேச்சு. உதவிக்கு ஓர் எழுத்தாளரையும் அமர்த்தினார்கள். கடைசியில் ஜாகர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழையதைக் கிளறிக்கொண்டிருப்பது அலுப்பாக இருந்தது என்றார். 2017-ல் ஜான் பிளேக் என்ற பதிப்பாளர், சுமார் 75,000 சொற்கள் கொண்ட ஜாகரின் கைப்பிரதி தன்னிடம் இருப்பதாக எழுதினார். அப்படி ஒன்றை எழுதியதே ஜாகருக்கு நினைவில்லையாம். புத்தகம் வரவில்லை.

மற்றவர்கள் வரிசையாக எழுதினார்கள். வைமன் 1990-லேயே முந்திக்கொண்டார். சின்ன வயதிலிருந்து டைரி எழுதி, துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர் அவர். அதனால் அந்தப் புத்தகத்தில் எந்த ஊர், எந்தத் தேதி என்பதோடு யார் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தது என்றுகூட எழுதியிருக்கிறது. படித்து முடித்தால் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்த களைப்பு. அவ்வளவு தடிமனான புத்தகம் 1960-களோடு நின்றும்விடுகிறது. ஆனால் இந்த மனிதர் இருப்பதால்தான் பலதும் ஒழுங்காக இருக்கிறது. 1961-ல் ஜாகரும் கீத்தும் சந்தித்துக்கொண்ட டார்ட்ஃபர்ட் ரயில் நிலையத்தில், அவர்கள்தான் ஸ்டோன்ஸ் குழுவை உருவாக்கினார்கள் என்று பொருள்படப் பலகை வைத்தார்கள். குழுவை ஆரம்பித்தது பிரையன் ஜோன்ஸ் அல்லவா என்று 2015-ல், எழுபத்தெட்டு வயதில், வைமன் சண்டைக்குப் போனார்.

ரானி வுட்டின் புத்தகம் 2007-ல். படித்தேன். நல்ல மனிதர்.

கீத்தின் 'லைஃப்' 2010-ல் வந்தது. ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பத்திரிகையாளர் கூட இருந்து எழுதினார். முன்பணம் எழுபது லட்சம் டாலருக்கு மேல் என்றார்கள். எல்லாவற்றையும் மறந்திருக்க வேண்டியவர் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் நினைவுகூர்ந்தார். மறக்க நியாயமே இல்லாதவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் புத்தகம் வெளிவரவிருந்த சமயத்தில்தான், கீத்துக்கு ஒரு காலத்தில் நூலகர் ஆகும் ஆசை இருந்தது என்ற செய்தி பரவியது. முதலில் நம்பவில்லை. ஆனால் 1998-ல் தன் வீட்டு நூலகத்தில் ஏணியிலிருந்து விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டு, ஐரோப்பியக் கச்சேரிகளைத் தள்ளிப்போட வைத்தவர் அவர். ஹெராயின் செய்யாததைப் புத்தக அலமாரி செய்தது.

இவற்றையெல்லாம் ஹாஸ்டல் வயதில் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. படித்தது ரத்த அழுத்த மாத்திரை போட ஆரம்பித்த பிறகு. ரெட்லண்ட்ஸ் ராத்திரி வந்த பக்கத்தில் எனக்குத் தோன்றியது, பிப்ரவரியில் அந்த ஊரில் குளிருமே என்பதுதான்.

போன தீபாவளிக்கு முன் ஹாஸ்டல் நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். வங்கி வேலையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். அன்று ஜாகருக்குத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்காத குறை.

"இப்ப ஓட்டு வெச்சா யாருக்குடா போடுவே?" என்றேன்.

"சார்லிக்கு."

"ஏன்?"

"அம்பத்தெட்டு வருஷ சர்வீஸ்டா. எப்படி இருந்தார்னு தெரிய வேண்டாமா?"

அவன் சொன்னது சரி. 1963 ஜனவரியில் டிரம்மராகச் சேர்ந்தவர் சார்லி வாட்ஸ். 2021 ஆகஸ்ட் 24 அன்று, எண்பதாவது வயதில் இறக்கும்வரை அதே குழு, அதே இடம். அப்பா ரயில்வேயில் லாரி ஓட்டியவர். இவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பாஞ்சோ வாங்கி, வாசிக்க வராமல் கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தை டிரம்மாகத் தட்டினார். படித்தது ஓவியம், வேலை பார்த்தது விளம்பர நிறுவனத்தில், மனசு முழுக்க ஜாஸ். ராக் இசையைப் பற்றிப் பெரிதாக எண்ணமில்லாமலே உலகத்தின் மிகப் பெரிய ராக் குழுவில் உட்கார்ந்திருந்தார். 1964-ல் ஷெர்லியைக் கல்யாணம் செய்துகொண்டார்; சாகும்வரை அதே ஷெர்லி. ஸ்டோன்ஸ் வட்டாரத்தில் இதைவிட அதிர்ச்சியான செய்தி கிடையாது. 1972-ல் சிகாகோவில் பிளேபாய் மாளிகையில் குழு தங்கியபோது, மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவர் விளையாட்டு அறையில் பொழுதைப் போக்கினார். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பழங்கால கார்களை வாங்கிவைத்து, உள்ளே உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்.

சாமியார் என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்கள் இருபதில் ஆடி ஓய்ந்ததை இவர் நாற்பதுக்குமேல் தொடங்கினார். 1980-களின் நடுவில் குடி, போதை எல்லாம் உண்டு. ஒயின் பாட்டில் எடுக்க நிலவறைக்குப் போய், படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அத்தோடு நிறுத்தினார். இதைப் புத்தகமாக நீட்ட ஆள் கிடைத்திருந்தால் பெரிய தொகை வந்திருக்கும்; அவர் பேட்டியில் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்தக் கட்டத்தில் நடந்ததுதான் ஆம்ஸ்டர்டாம் குத்து. 1984. விடியற்காலையில், போதையில், ஜாகர் சார்லியின் அறைக்கு ஃபோன் போட்டு, "என் டிரம்மர் எங்கே?" என்றாராம். கீத் சொல்கிற கதைப்படி, சார்லி எழுந்து, முகச்சவரம் செய்து, கோட்டும் டையும் அணிந்து, சென்ட் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்து, ஜாகரை ஒரே குத்து விட்டார். ஜாகர் மீன் தட்டின்மேல் விழுந்து, திறந்திருந்த ஜன்னலை நோக்கி வழுக்கிக்கொண்டு போனார். கதை அபாரம். ஆனால் சொல்வது கீத். ஜாகர்மேல் அவருக்கு வாஞ்சை பொங்கிய காலத்தில் எழுதிய புத்தகம் அல்ல அது. அதிலிருந்த சில கேலிகளுக்கு 2012-ல், ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிகளுக்குச் சற்று முன்னால், அவர் வருத்தமும் தெரிவிக்க வேண்டிவந்தது. சார்லியோ, அந்தக் குத்தில் தனக்குப் பெருமையில்லை, குடித்திருக்காவிட்டால் செய்திருக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை என்ன ஆயிற்று? இதுதான் நண்பனின் கேள்வி. மேலதிகாரியைக் குத்துவது யாருக்கும் கைவரலாம்; அதற்குப் பிறகு அதே ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு முப்பத்தேழு வருடம் தாளம் போடுவது எப்படி? அவன் தன் கிளை மேலாளரை மனதில் வைத்துக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் யாரை நினைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்வதற்கில்லை.

2003 ஏப்ரலில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் ஸ்டோன்ஸ் வாசித்தபோது நாங்கள் இருவரும் போயிருந்தோம். மழையில் தொப்பலாக நனைந்தோம். ஜாகருக்கு அறுபது ஆகச் சில மாதங்கள் இருந்தன; மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார். அந்த டிசம்பரிலேயே அவர் 'சர்' ஆகிவிட்டார். 1967-ல் உள்ளே தள்ளிய அதே அரசாட்சியின் இளவரசர் கையால் பட்டம். நான் அன்று ஜாகரைத்தான் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் ஞாபகம்.

சார்லி ஒன்று செய்திருக்கிறார். 1967 வாக்கிலிருந்து, சுற்றுப்பயணத்தில் படுத்த ஒவ்வொரு ஹோட்டல் கட்டிலையும் நோட்டில் வரைந்து வந்தார். அந்தப் பழக்கம் இந்தியாவிலும் விட்டுப்போகவில்லை என்றால் பெங்களூருக் கட்டிலும் அதில் இருக்க வேண்டும். ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் பற்றிய சிறிய சித்திரப் புத்தகம் ஒன்றை இளமையில் போட்டதோடு சரி. தன்னைப் பற்றி ஒரு பக்கமும் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதிய புத்தகங்களைத்தான் சேர்த்தார். 2023-ல் கிறிஸ்டீஸ் அவற்றை ஏலம் விட்டபோது உலகம் வாயைப் பிளந்தது. அகதா கிறிஸ்டி, கானன் டாயில் என்று முதல் பதிப்புகள். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு கையெழுத்திட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி' மட்டும் 2,26,800 பவுண்டுக்குப் போனது.

"அந்தக் கட்டில் படத்தையெல்லாம் புத்தகமா போட்டா வாங்குவியா?" என்று கேட்டேன்.

"வெறும் கட்டிலா? யாரும் படுத்திருக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தான். இருபது வயதில் இந்தப் பதிலுக்கு என்னை அடித்திருப்பான்.

"வாங்குவேன்" என்றான்.

"ஜாகர் புத்தகம் வந்தா?"

"லைப்ரரில எடுத்துப்பேன்."