பொற்பனையும் சென்செக்ஸும்

திருவரங்குளத்துத் தலக்கதையில் ஒரு பனைமரம் பொன்பழம் போடுகிறது. கண்டெடுத்த வேடன் அதை வணிகரிடம் கொடுத்துச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிப் போகிறான். வட்டாரத்தின் முதல் சில்லறை முதலீட்டாளர் அவன்தான்; வணிகர்தான் புரோக்கர். இன்று பங்குச் சந்தை எப்படிப் போகுமென்று டிவி நிபுணரைக் கேட்டால், ஏறும், நடுவில் இறங்கவும் செய்யும் என்கிறார். இதைச் சொல்லக் கோட்டு எதற்கு? 2024 ஜூன் 3 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்குக் கணிப்பை நம்பி சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. மறுநாள் ஓட்டு எண்ணியதும் 4,389 புள்ளி விழுந்தது. அதற்கு மறுநாள் 2,303 ஏறியது. மூன்று நாளும் அதே கோட்டு, காரணம் மட்டும் புதுசு. திருவரங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2023 அகழாய்வில் தங்க மூக்குத்தி கிடைத்தது. நீண்டகால முதலீடு என்றால் அதுதான். லாபத்தை எடுத்தது தொல்லியல் துறை.