இல்லாத ஜில்லாவிலிருந்து

ஹாரோ,
மிடில்செக்ஸ்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம், பிள்ளைகள் நலம். உங்கள் மாப்பிள்ளையும் நலம்தான் என்று டாக்டர் சொல்கிறார். எனக்குத்தான் அடிக்கடி சந்தேகம் வருகிறது.

"காலையில பத்து மணிக்குப் போன் போட்டா மாப்பிள்ளை எடுக்கவே மாட்டேங்காரே, என் மேல ஏதும் வருத்தமா?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பத்து மணி என்றால் இங்கே இந்தக் கோடையில் விடியற்காலை ஐந்தரை. அந்த நேரத்தில் அவர் பனியனோடு தோட்டத்தில் மண்டியிட்டு, முட்டை அட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். அந்துப்பூச்சி எண்ணுகிறார். ராபின் குருவி வந்து அள்ளித் தின்பதற்குள் எண்ணி முடிக்க வேண்டுமாம்.

வேளாண்மைத் துறைக்காரர்கள் வயலில் வைப்பார்களே விளக்குப்பொறி, அதேதான். ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு புனல், புனலுக்கு மேல் ஒரு பல்பு. அவர்கள் பூச்சியைக் கொல்ல வைப்பார்கள். இவர் பெயர் தெரிந்துகொண்டு திரும்ப விட்டுவிடுகிறார். வெளிச்சத்துக்கு வந்து உள்ளே விழும் பூச்சி ஒடுங்கிக் கிடக்க முட்டை அட்டையின் குழிகள்தான் தோதாம். நம் வீட்டில் எத்தனை தலைமுறையாக முட்டை நுழைந்ததில்லை, உங்களுக்கே தெரியும். இப்போது பரணில் முட்டை அட்டை மட்டும் ஆளுயரத்துக்கு இருக்கிறது. கடைக்காரர் என்னைக் கண்டதும் முட்டையை இறக்கிவிட்டு அட்டையை எடுத்து நீட்டுகிறார்.

இதற்கென்று 'கார்டன் மாத் ஸ்கீம்' என்று ஒரு திட்டமே இருக்கிறது. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை 36 வாரம், வாராவாரம் தோட்டத்தில் விளக்கு வைத்து வந்தவர் போனவரை எல்லாம் எண்ணி அனுப்ப வேண்டும். அதற்கு அவர்கள் குறித்திருக்கிற கிழமை எது தெரியுமா? வெள்ளிக்கிழமை! பொழுது சாய்ந்ததும் நான் பூஜை அறையில் விளக்கேற்றுகிறேன். அவர் கொல்லையில் ஏற்றுகிறார். பக்தர் கூட்டம் அவருக்குத்தான் அதிகம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே நீல வெளிச்சத்தைப் பார்த்து முதலில் பயந்துவிட்டார். பூச்சிக்காக என்று தெரிந்ததும் "எவ்வளவு அழகான பொழுதுபோக்கு!" என்று வாயாரப் பாராட்டினார். மறுநாளே தன் படுக்கையறை ஜன்னலுக்குக் கனத்த திரை வாங்கி மாட்டிவிட்டார். இந்த ஊரில் கோபத்தைத் திரைச்சீலைக் கடையில்தான் தீர்த்துக்கொள்வார்கள்.

பிரிட்டனில் வண்ணத்துப்பூச்சி சுமார் 60 வகைதான். அந்துப்பூச்சியோ 2,500-க்கும் மேல். அதில் துணி அரிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதுதான் என்று மாப்பிள்ளை தினமும் எனக்குப் பாடம் எடுக்கிறார். என் பட்டுப்புடவைகளுக்கு அந்த வாக்குறுதி போதாது; அந்துருண்டை போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

இத்தனை வகையில் எங்கள் வீட்டுக்கு ஓயாமல் வருகிறவர் ஒரு சின்ன ஆசாமி. 'லைட் பிரவுன் ஆப்பிள் மாத்' என்று பெயர். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருப்பார். சிறகை மடக்கி உட்கார்ந்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். ஆணுக்கு முன்பாதி வெளிறியும் பின்பாதி காப்பிப்பொடி நிறத்திலும் இருக்கும். பெண் கொஞ்சம் பெரிசு, பெரும்பாலும் ஒரே சாயல். ஆனால் இதெல்லாம் புத்தகத்துக்கு. நேரில் பார்த்தால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மாப்பிள்ளை புதுசு புதுசு என்று குதித்துக்கொண்டு எடுத்து வருவதில் முக்கால்வாசி கடைசியில் இவராகத்தான் இருக்கிறார்.

பூர்வீகம் ஆஸ்திரேலியா. இந்தத் தீவில் முதலில் கண்டது 1936-ல், தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில். விசா, ரேஷன் கார்டு எதுவும் இல்லாமல் லண்டன் வரை வந்து எங்கள் தெருவிலும் குடியேறிவிட்டார். இன்ன இலைதான் வேண்டும் என்ற பிகுவும் கிடையாது. வேலிச்செடியிலிருந்து ஆப்பிள் வரை எது கிடைத்தாலும் சாப்பிடுகிற பிள்ளை.

எனக்கு அது நேரில் தெரிய வந்தது என் மல்லிகைத் தொட்டியில். நீங்கள் சுங்கடிச் சேலை மடிப்பில் குச்சி ஒளித்துக் கொடுத்தனுப்பியது இல்லை. இங்கேயே கடையில் வாங்கியது. நுனியில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளை நூல் கட்டி, பச்சையாக ஒரு புழு. நெல்லில் இலைச்சுருட்டுப் புழு வருமே, அந்தக் குடித்தனம்தான். விரல் பட்டதும் பின்னாலேயே நெளிந்து போய் நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கிற்று. நசுக்கப் போனேன். "இரு, இரு!" என்று ஓடிவந்த மாப்பிள்ளை, என் சாம்பார்பொடி டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அதில் இலையோடு புழுவைப் போட்டுக்கொண்டார். வளர்த்துப் பார்த்தால்தான் சந்தேகமில்லாமல் பெயர் சொல்லலாமாம். கொஞ்ச நாளில் அது சுருட்டிய இலைக்குள்ளேயே கூடாகி, ஒரு காலையில் கூட்டின் முன்பாதி இலையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடு காலி. டப்பா மூடியின் உள்பக்கம் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு ஆண். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேரன் பிறந்த அன்றைக்குக்கூட நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை. சாம்பார்பொடியை நான் வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.

இனிமேல்தான் உங்களுக்குப் பிடித்த விஷயம். பூச்சியைப் பார்த்தால் போதாது, பதிய வேண்டும். ஆயுசு முழுக்க அடங்கல் எழுதிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்ன பூச்சி, எந்தத் தேதி, பார்த்தவர் யார், எந்த இடம். இடம் என்றால் தெருப்பெயர் சொன்னால் செல்லாது. நாட்டையே கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்தில் கட்ட எண் வேண்டும், சர்வே நம்பர் மாதிரி. அதைச் சரிபார்க்கக் கவுண்டிக்கு, அதாவது ஜில்லாவுக்கு, ஒரு பதிவாளர் இருக்கிறார். சம்பளமும் இல்லை, கிம்பளமும் இல்லை. (உங்களைச் சொல்லவில்லை அப்பா.) சின்னப் பூச்சிகளை 1 முதல் 4 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் தரம், பார்த்த மாத்திரத்தில் தெரிவது. இரண்டாவதற்கு நல்ல படம் வேண்டும். மூன்றாவதற்குப் பூச்சியையே எடுத்து வைத்திருக்க வேண்டும். நான்காவது தரமென்றால் அறுத்து, பிறப்புறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பெயர் தெரியும். இதை உங்கள் மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில், என் மாமியாருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, விளக்கமாகச் சொன்னார். அத்தை அன்று மோர் சாதம்கூட வேண்டாம் என்று எழுந்துவிட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை எங்கள் ஜில்லாதான். மேலே 'மிடில்செக்ஸ்' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அப்படி ஒரு நிர்வாகம் 1965-லேயே ஒழிந்துவிட்டது, பெரும்பகுதியை லண்டனோடு கரைத்துவிட்டார்கள். லார்ட்ஸ் மைதானத்துக் கிரிக்கெட் அணி அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஆட்கள் விலாசத்தில் எழுதுகிறார்கள். மற்றபடி அந்த ஜில்லா முழு உரிமையோடு இருப்பது பூச்சிக்காரர்களின் பேரேட்டில் மட்டும்தான். 1852-ல் வாட்சன் என்ற தாவரவியல்காரர் பிரிட்டனை 112 பகுதியாகப் பிரித்து எண் போட்டார். எங்களுடையது 21. சர்க்கார் எத்தனை முறை எல்லையை மாற்றினாலும் அந்தக் கோடு அசையாது. நம் திருநெல்வேலியை 1986-ல் பிரித்தார்கள், 2019-ல் தென்காசிக்காக மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒட்டவில்லை என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்களே, அந்தத் தொல்லையே இங்கே இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கையும் நேற்றைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"தெருவுக்குத் தெரு இருக்கிற பூச்சியை எதற்கு மாய்ந்து மாய்ந்து எழுதணும்?" என்று நானும் கேட்டேன். அவர் கலிபோர்னியாக் கதையைச் சொன்னார். பெர்க்லியில் ஓய்வுபெற்ற பூச்சியியல் பேராசிரியர் ஒருவர் 2006-ல் தன் வீட்டுக் கொல்லையில் விளக்கு வைத்திருந்தார். அதில் வந்து விழுந்தது இதே ஆப்பிள் பூச்சி. அமெரிக்காப் பெருநிலத்தில் அதுவரை பதிவாகாதது! விவசாயத்துக்கு ஆபத்து என்று அடுத்த வருஷம் விமானத்தில் மருந்து தெளிக்க, ஊர் ஜனங்கள் எதிர்த்துக் கிளம்ப, பெரிய ரகளையாகிவிட்டதாம். எதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தால்தானே புதிதாக வந்தது கண்ணில் படும் என்கிறார். இருப்பது குறைவதும் அப்படித்தான். 1968-லிருந்து 2017 வரையிலான விளக்குப்பொறிக் கணக்கைக் கூட்டிப் பார்த்ததில், பிரிட்டனின் பெரிய அந்துப்பூச்சிகள் 33 சதவீதம் குறைந்திருக்கின்றன. கொட்டிக் கிடந்த காலத்தில் யாரோ வேலையற்றவர்கள் எண்ணி வைத்ததால் தெரிந்தது. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. முட்டை அட்டைக்கு மட்டும் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். அம்மாவுக்குச் சாக்லேட், உங்களுக்கு ஸ்வெட்டர், மீதிப் பெட்டி முழுக்க அவருடைய பல்பும் ஒயரும். நம் வீட்டு மாடியில் வெள்ளைத் துணி கட்டி அதன்முன் விளக்கு வைக்கப் போகிறாராம். சலவைக்குப் போட்ட மயில்கண் வேட்டி திரும்பி வந்துவிட்டதா? வந்திருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகள்