சல்சா ஆடினால் சம்பளம் வருமா?

கேள்வி: நியூயார்க்கின் பாலே ஹிஸ்பானிகோ நடனக் குழு, பயிற்சிக்கு நிதி திரட்ட விருந்தும் ஆட்டமுமாக விழா எடுக்கிறதே, பேசாமல் உண்டியல் குலுக்கக் கூடாதா?

பதில்: குலுக்கலாம், சில்லறைதான் விழும். பயிற்சிக்கூடம், ஆசிரியர் சம்பளம், மேடைச் செலவு எல்லாவற்றையும் டிக்கெட் வசூல் தாங்காது. கோட்டும் சூட்டுமாக வந்த கனவான் சல்சாவுக்கு இடுப்பை அசைக்கத் திணறும்போதுதான், மேடையில் ஆடியவர் எத்தனை வருஷம் வியர்வை சிந்தியிருப்பார் என்பது உறைக்கும்; பர்ஸும் திறக்கும். விருந்துச் செலவு வீண்தானே என்பீர்கள். வசூலை விருந்தே விழுங்கினால் வீண்தான், மறுக்கவில்லை. ஆனால் பணம் மிஞ்சினால் குழு நிலைக்கும். 1970-ல் டீனா ராமிரெஸ் தொடங்கிய இந்தக் குழுவில் 1985-ல் ஆடச் சேர்ந்த எடுவார்டோ விலாரோ, 2009-ல் அதற்கே கலை இயக்குநரானார். முழங்கால் சீக்கிரமே ஓய்வு கேட்கும் இந்தத் தொழிலில், நிலைத்து நிற்கும் குழு இல்லாவிட்டால் அப்படியொரு நாற்காலி ஏது?