மிச்சக் கிழங்கு சாஸ்திரம்

மசித்து மிஞ்சிய உருளைக்கிழங்கைத் தட்டையாகத் தட்டிக் கல்லில் போட்டெடுக்கும் கட்லெட் என்னும் பதார்த்தத்தைப் பற்றி, ரசத்துக்கும் குழம்புக்கும் லக்ஷணம் வகுத்த நம் பூர்வீகப் பாகசாஸ்திரிகள் ஒரு வரிகூட எழுதாமல் போனதற்கு, அவர்கள் காலத்தில் உருளைக்கிழங்கே இந்நாட்டில் இல்லை என்பதைத் தவிர வேறு தகுந்த சமாதானம் சொல்வதற்கில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரலில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து மேற்குக் கரையில் இறங்கி, 1820களில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவனின் ஆர்வத்தால் நீலகிரியில் வேரூன்றிய இக்கிழங்கு, மதுரைப் பக்கத்துப் பூரித் தட்டை வந்தடைந்த பிறகே நமது ஆராய்ச்சிக்குரிய மிச்சம் என்ற அவஸ்தை அதற்கு வாய்த்தது.

இந்த ஆராய்ச்சிக்கு மதுரை ஆரப்பாளையத்தைக் களமாகக் கொண்டது காரணமின்றி அன்று. ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் எழுந்தருளும் புட்டுத்தோப்பு இவ்விடத்தில்தான் இருக்கிறது. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத கிழவி வந்திக்காக மண் சுமக்கக் கூலியாளாக வந்த அச்சொக்கநாதன், முழுப் பிட்டை விற்பனைக்கு விட்டுவிட்டு உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டான் என்பது ஊர் வழங்கும் கதை. உதிர்ந்தது வேறு, மிஞ்சியது வேறு என்று தர்க்கம் பேசுவோர் உண்டு. விற்க முடியாததை விருந்தாக்குவதே இரண்டுக்கும் பொதுவான தர்மமாகையால், அந்த ஆக்ஷேபத்தை நாம் பொருட்படுத்தவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். மிச்சக் கிழங்கு புதுக் கிழங்குக்குப் பதிலாகக் கொள்ளப்படும் கதியற்ற சரக்கு என்பது பூர்வபக்ஷம். மிச்சமாயிருப்பதே கட்லெட்டுக்கு அது பெற்ற யோக்கியதை என்பது நமது சித்தாந்தம். ஆவி பறக்க மசித்த கிழங்கில் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி ஊதிக் குழைந்து கிடக்கும். அதைத் தட்டினால் கையோடு ஒட்டும், எண்ணெயில் போட்டால் பிரிந்து போகும். நன்றாக ஆறிய பிறகோ, அதே ஸ்டார்ச் மீண்டும் இறுகி, ஈரமும் ஓரளவு வற்றிவிடுவதால், உள்ளங்கையில் வைத்து அழுத்தியவுடன் வட்டமாக நிற்கும். ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. மதுரை வெயிலில் வெங்காயம் சேர்ந்த கிழங்கு ராத்தாண்டினால் ஊசிப்போகும் என்பதால், காலைக் கிழங்குக்குச் சாயங்காலம் நாலு மணியே முகூர்த்தம்.

எல்லா மிச்சமும் ஒரே ஜாதி என்று எண்ணிவிடலாகாது. மசால் தோசைக்குள் வைக்கும் கிழங்கு கெட்டியானது, அப்படியே தட்டலாம். பூரிக்கு ஊற்றும் கிழங்கோ கடலைமாவு கரைத்து நெகிழ விட்டது, அதை வாணலியில் போட்டு, அடியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறித் தண்ணீரை வற்றவைத்தாலன்றி உபயோகமில்லை. பிறகு சேர்மானம் பற்றிய மதபேதம் எழுகிறது. பொரிகடலையைப் பொடித்து உள்ளேயே பிசைந்து, கிழங்கும் மாவும் ஒன்றெனக் கரைந்துபோகச் செய்வோர் அத்வைதிகள். மைதாக் கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டி, மேலாடையும் உள்ளீடும் கடைசி வாய் வரை தனித்தே நிற்கவேண்டும் என்போர் துவைதிகள். மொறுமொறுப்பு என்ற மோக்ஷம் இரண்டாமவருக்கே சீக்கிரம் ஸித்திக்கிறது என்றாலும், ரஸ்க் வாங்கக் கடைக்கு ஓடவேண்டியிராத சௌகரியம் முதலாமவருடையது.

கல் காயுமுன் போட்டால் எண்ணெயைக் குடிக்கும். புகைந்த பின் போட்டால் மேலே கருகி உள்ளே சில்லென்றிருக்கும். அடி சிவந்து தானாகவே கல்லைவிட்டு நகரும்வரை தோசைக்கரண்டியைக் கிட்டே கொண்டுபோகாத பொறுமையே இக்கலையில் முக்கால் பங்கு. அதற்கு முன் ஓரத்தை நெம்பிப் பார்ப்பவர்களின் கையில் கட்லெட் வருவதில்லை, பொரியல்தான் வரும்.

ஒரு சங்கதி பாக்கி. மிஞ்சிய இட்லி உப்புமாவானாலும் இட்லி கண்ணுக்குத் தெரிகிறது. கட்லெட் மாத்திரம் தன் பூர்வாசிரமத்தை அடியோடு மறைத்துவிடுகிறது. இந்த மறைவை இல்லத்தரசிகள் கட்டிக் காக்கும் சாமர்த்தியம் தனியே ஆராயத்தக்கது.

“அத்தை, இது காலையில பூரிக்கு வச்ச கிழங்குதானே?”

“ஆறிப்போகும் மாப்பிள்ளை, மொதல்ல சாப்பிடுங்க.”

விடை இல்லாத இவ்விடைக்குப் பின் மறுகேள்வி எழுந்த வீடு எதையும் நாம் கேள்விப்பட்டதில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடைகளிலோ முதல் கேள்வியே எழுவதில்லை. தேனி பஸ் நகரத் தொடங்கிவிட்டால், கையிலிருப்பதை ஊதி ஊதி விழுங்கிவிட்டு ஓடுவதற்கே ஒருவனுக்கு அவகாசம் இருக்கிறது.